ஐந்து மணிக்குள் எழ வேண்டிய கம்ப்யூட்டர்

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருக்கும் நவமணி லேசில் அசையக்கூடியவள் அல்ல. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் சர்க்யூட் பலகைகளைச் சோதித்தவள். ஆள்குறைப்பில் வேலை போனதும் மூலையில் உட்காராமல் பாலர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தாள். மூக்கைத் துடைத்து, சோறூட்டி, தூங்க வைப்பது எல்லாம் அவள்தான்; ‘டீச்சர்’ என்ற பெயர் மட்டும் வேறொருத்திக்கு. அந்தப் பெயருக்காகவே நாற்பத்தொன்பது வயதில் டிப்ளோமா படித்தாள். “கடைசிக் கட்டுரை போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் என்னை டீச்சர்னு கூப்பிடக்கூடாது” என்று கணவன் மோகனராஜுக்கும் தடை போட்டிருந்தாள்.

கட்டுரை வியாழனே முடிந்துவிட்டது. கெடு ஞாயிறு மாலை ஐந்து மணி. ஞாயிறு விஜயதசமி என்பதால், நல்ல நாளில் அனுப்பலாம் என்று பிடிவாதமாக வைத்திருந்தாள். சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. கம்ப்யூட்டருக்குத் தாராளமாகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தாள். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாதல்லவா? நகல் எடுக்கும் வேலையும் நின்றுபோனது.

ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினாள். திரையில் எழுத்து வந்தது; இருண்டது; மறுபடி முதலிலிருந்து வந்தது. பத்து முறை பார்த்தாள்.

கம்ப்யூட்டர் கடை ஜபருல்லாவுக்குப் போன் போட்டாள்.

“கொண்டாந்து கொடுங்கக்கா, ஃபார்மேட் போட்டு நாளைக்குத் தந்திடறேன்.”

“உள்ள இருக்கிறது?”

“அது போயிடும்லா. வேற என்ன செய்றது?”

“அப்ப வேணாம். நானே பாத்துக்கிறேன்.”

மோகனராஜ் எட்டிப் பார்த்தான். “கெடு தள்ளித் தரச் சொல்லிக் கேளேன்.”

“முடிச்ச கட்டுரைக்கு எதுக்குங்க கெடு கேக்கணும்? ஸ்க்ரூடிரைவர் எடுங்க.”

ஆலையில் கற்ற வழக்கம் ஒன்று: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, எழுதி வை. பிரிண்டரைக் கழற்றினாள், பலனில்லை. பெட்டியைத் திறந்து தூசி தட்டினாள்; பலனில்லை. நினைவகப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவித் துடைத்துப் பொருத்தினாள், அதற்கும் மசியவில்லை. மணி இரண்டு. சோறு ஆறிக் கிடந்தது. அழுகை வந்தது, அழுதால் ஸ்க்ரூ தெரியாது என்று அடக்கிக்கொண்டாள்.

எழுதி வைத்த தாளை மறுபடி படித்தாள். ஒருமுறை நாலு விநாடியில் நின்றிருக்கிறது, ஒருமுறை இருபதில், ஒருமுறை ஒன்பதில். உள்ளே ஓடும் மென்பொருள் கெட்டிருந்தால் ஒரே இடத்தில் அல்லவா நிற்கும்? கண்ட நேரத்தில் நிற்பது, எங்கோ எதுவோ பட்டும் படாமலும் இருப்பதால்தான். ஆலையில் இப்படி நூறு பலகைகளைப் பார்த்தவள் அவள்.

முன்பக்கப் பொத்தான்களிலிருந்து வரும் மெல்லிய வயர்களைப் பிடித்துக்கொண்டே போனாள். பெரிய பொத்தான் இயக்குவதற்கு. அதன் கீழே இருக்கும் குட்டிப் பொத்தான், நிறுத்தி மறுபடி தொடங்க. குட்டிப் பொத்தானின் வயரை மட்டும் பிடுங்கிவிட்டுப் பெரியதை அழுத்தினாள். எழுத்து வந்தது, போகவில்லை. திரை முழுதாக விரிந்தது.

அப்புறம்தான் முன்பக்கத்தை நன்றாகப் பார்த்தாள். வட்டமாக, பொட்டுக்கென்றே செய்ததுபோல் இருந்த அந்தக் குட்டிப் பொத்தான் மேல் அவள் கட்டைவிரலால் வைத்த சந்தனம். ஓரத்தில் வழிந்து உள்ளே காய்ந்து, பொத்தானைப் பாதியில் பிடித்து வைத்திருந்தது. காலை முழுக்கப் பழைய பெட்டி என்று அதைத் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது.

“நான் வச்ச பொட்டுங்க” என்றாள்.

மோகனராஜ் சிரிக்க வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

முதலில் நகல் எடுத்தாள். பிறகு கட்டுரையைக் கல்லூரியின் இணையதளத்தில் ஏற்றினாள். மூன்று பத்துக்கு ‘பெற்றுக்கொண்டோம்’ என்று பதில் வந்தது. அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். அடக்கி வைத்திருந்த அழுகை இப்போது தாராளமாக வந்தது.

மோகனராஜ் ஆறிய சோற்றை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். “இதைச் சூடு பண்ணிக் கொண்டாரட்டுமா, டீச்சர்?”

அவள் தடுக்கவில்லை. “கொண்டாங்க” என்றாள்.