ஈரக்காற்றில் ஏறிய ஷட்டர்

முதலில் தெரிந்தவை கால்கள். ஷட்டர் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியபோது, தூறலில் நனைந்த வெறுங்கால்கள் வெளியே வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. பிறகு முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலிகள், வேட்டிகள். பிறகு இடுப்பில் தொங்கிய பறை, அதன் குச்சி, குச்சியைப் பிடித்த கை. இரும்புத் தகடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மேலே சுருளச் சுருள, எங்களுக்கு எதிரே ஒரு கூட்டம் காலிலிருந்து மேல்நோக்கி முளைத்துக்கொண்டே வந்தது. கடைசியாகத் தோள்கள் வந்தன. தோள்களின் மேல் பாடை. பாடையில் சாமந்தி மாலைகளுக்கு நடுவே, தாடையைத் துணியால் கட்டிய ஒரு கிழவரின் முகம், எங்கள் பக்கமாக லேசாகச் சாய்ந்து. கார் ஷெட்டுக்குள் நானும் சின்னம்மாவும் மட்டும்தான் நின்றிருந்தோம். நாங்கள் இருவரும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

பிணம் போகும் தெருவில் கதவைச் சாத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். பறைச் சத்தம் முனையில் கேட்டதுமே ஒவ்வொரு வீடாகக் கண்ணை மூடிக்கொள்ளும். அடுப்படியில் இருப்பவர்கூட ஓடிவந்து வாசலைச் சாத்திவிட்டுத்தான் அடுத்த வேலை. அன்று அந்தத் தெரு முழுக்கச் சாத்திக் கிடந்தது. திறந்திருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். அதுவும் சாத்தியிருந்த வீடு, அவர்கள் கண் முன்னாலேயே திறந்துகொண்டது. பறை அடித்தவர்களின் கை ஒரு கணம் நின்றுபோனது. அந்த ஒரு கணத்தில் தூறல் விழும் சத்தம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரிந்தது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கரிக்கலாம்பாக்கத்தில், நெல் வயலை மண்கொட்டி மேடாக்கிப் போட்ட மனைப்பிரிவில், தனியாக இருந்தாள். சித்தப்பா போன பிறகு, எல்லோரும் அவள் மூலையில் உட்காருவாள் என்று எதிர்பார்த்த வயதில், கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வில்லியனூர் சந்தைக்கு அவளே போவாள். மாதா கோவில் திருவிழாவுக்குத் தெருப்பெண்களை அடைத்துக்கொண்டு போவாள். ஹாரனைச் சண்டைக்கு இழுப்பது போல அடிப்பாள். ஆனால் தோள்பட்டை இறுகிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. ஷட்டரை மோட்டார் ஏற்றினால்தான் கார் வெளியே வரும், கார் வெளியே வந்தால்தான் அவள் அந்த வீட்டில் தனியாக வாழ முடியும். இது அவளுக்கும் தெரியும், அரியாங்குப்பத்தில் இருந்த அவள் மகனுக்கும் தெரியும்.

அந்த மோட்டார் அதற்கு முன்பும் தன் இஷ்டத்துக்கு அசைந்ததுண்டு. பனி இறங்கிய காலைகளில் சின்னம்மா எழுந்து வந்து பார்த்தால் ஷட்டர் ஒரு சாண் தூக்கி நிற்கும், யாரோ குனிந்து உள்ளே பார்த்துவிட்டுப் போனது போல. அந்த இடைவெளி வழியாகக் காலை வெளிச்சத்துக்கு முன்பே வயல்வாடை உள்ளே வந்து காரின் அடியில் படுத்திருக்கும். அந்த வீட்டில் ஈரம் ஒரு குடித்தனக்காரர் மாதிரி. சுவர் வேர்க்கும். தீப்பெட்டி நமுத்துப்போகும். மடித்து வைத்த புடவையை விரித்தால் சேற்று மணம். மேலே என்னதான் டைல்ஸ் ஒட்டினாலும் அடியில் வயல் இன்னும் சாகாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். மனைப்பிரிவு வருவதற்கு முன்னால் அந்தத் தெருவே சுடுகாட்டுக்குப் போகும் வரப்பாகத்தான் இருந்தது. மனை வாங்க வந்தவர்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. வரப்பை அகலப்படுத்தித் தார் ஊற்றிவிட்டால் இறந்தவர்கள் வேறு வழி தேடிப் போய்விடுவார்களா என்ன.

பாடை போன மறுநாள் எதிர்வீட்டுக்காரம்மா வந்தார். தினமும் வருகிறவர். சின்னம்மாவோடு சண்டை போடுவதற்கென்றே காலையில் குளித்துத் தலைவாரிக்கொண்டு வருகிறவர். அன்று படியேறாமல் தெருவிலேயே நின்றார்.

“யக்கா, தொறந்த வூட்டத்தான் அது பாத்து வெச்சிக்கும்பாங்க. அடுத்தது இந்த வாசல்தான்னு பேசிக்கறாங்க. நான் சொல்லல, ஊரு சொல்லுது.”

“ஊருக்கு ஏதுடி வாயி? உன் வாயத்தான் வாடகைக்கு எடுத்துட்டுப் போவுது. உள்ள வா, தோச வார்க்கறேன்.”

“இல்லக்கா, வெள்ளிக்கிழம. அப்புறமா வரேன்.”

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. சின்னம்மா அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டாமல் விட்டதில்தான் அவளுக்கும் பயம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மாலையில் மகன் வந்தான். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான், விலை பேச வந்தவன் போல.

“போதும்மா. மோட்டாரே உன்ன வெளிய போன்னு சொல்லுது. இன்னொரு தபா தானா தொறந்துச்சுன்னா கார வித்துட்டு உன்ன எங்கூட கூட்டிட்டுப் போயிடுவேன். அண்ணே, நீயாச்சும் சொல்லு.”

“உன் வூட்ல பால்கனியில துணி காயப்போட எடமில்ல, என்ன எங்கடா காயப்போடுவ?” என்றாள் சின்னம்மா. சிரிப்பு அவன் வரைக்கும் போய்ச் சேரவில்லை. அவன் சொன்னதைச் செய்கிறவன்.

அப்படித்தான் நாங்கள் இருவரும் ஒரு மோட்டார் தேடி வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போனோம். ஷட்டருக்கு மோட்டார் வாங்குவது மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைக்காரர் முதலில் காட்டியது வெளியே சங்கிலி ஓடும் வகை. சின்னம்மா சங்கிலியை விரலால் தடவினாள். “எங்க வூட்ல கொடிக்கம்பியே ஒரு மழக்காலம் தாங்காது, இது தாங்குமா?” என்றாள். வயலை மூடிக் கட்டிய வீடு, சுவர் வேர்க்கும், கடற்காற்றும் கொஞ்சம் எட்டும் என்று நான் விளக்கினேன். அவர் உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். ஷட்டர் சுருளும் குழாய்க்குள்ளேயே மோட்டார் அடங்கிவிடும். சர்க்யூட் பலகையின் மேல் ஈரம் ஒட்டாத பூச்சு. அதை வைத்த பெட்டியின் விளிம்பில் சுற்றிலும் ரப்பர். கரண்ட் போனால் பேட்டரி. சுவரில் ஸ்விட்ச் கிடையாது; ரிமோட் மட்டும். இந்த ஊர்க்காற்றுக்கு முதலில் கெட்டுப்போவது சுவர் ஸ்விட்ச்தான் என்றார்.

“அமுக்காம அசையாதே?”

“நீங்க அமுக்குனாத்தாம்மா அசையும். அஞ்சு வருஷம் கேரண்டி தரேன்.”

“பரவால்லயே. எனக்கு யாரும் அவ்ளோ தரலப்பா.”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னோம். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். அவ்வளவு தூரத்துக்கு அந்தக் கதை எங்களுக்கு முன்னால் பஸ் ஏறி வந்திருந்தது.

புது மோட்டாரைப் பொருத்த வந்த எலக்ட்ரீஷியன், பழைய ஸ்விட்சைச் சுவரிலிருந்து கழற்றி எங்களிடம் நீட்டினார். பொத்தானைச் சுற்றியிருந்த இடுக்கு முழுவதும் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கெட்டியாகிக் கிடந்தது. உள்ளே செப்புத் தகடுகள் பச்சை பூத்திருந்தன. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் காருக்கு, மோட்டாருக்கு, ஸ்விட்சுக்கு என்று சின்னம்மா ஈரக் கட்டைவிரலால் பொட்டு வைத்திருக்கிறாள். சாமிக்கு வைத்ததைத் துடைக்கலாமா? அதனால் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அந்தக் குழைவு நீரைக் குடித்து, ஒரு விரல் அழுத்துவது போல இரண்டு தகடுகளையும் சேர்த்திருக்கிறது. “தானா தொறக்கலம்மா, நீங்க வெச்ச விரல்தான் இன்னும் அங்கயே இருந்திருக்கு” என்றார் அவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். சின்னம்மா தன் கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய், புது ரிமோட்டின் முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தாள். “இது நமுக்காதில்ல?” என்றாள்.

ஆக, விளங்கிவிட்டது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று நான் என் வீட்டுக்குத் திரும்பும் வழியில், இருபுறமும் நீர் தேங்கிய வயல்களில் வானம் கிடந்ததைப் பார்த்தபோது, ஒரு கேள்வி வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எத்தனையோ பனிக்காலைகளில் அந்த ஷட்டர் ஒரு சாணோடு நின்றிருக்கிறது. அன்று மட்டும் ஏன் கடைசி வரை போனது? எப்படித் திறந்தது என்பதற்கு விடை இருந்தது. எப்போது திறப்பது என்று அந்த ஈரத்துக்கு யார் சொன்னது?

மார்கழியில் எதிர்வீட்டுக்காரம்மா செத்துப்போனார். காலையில் கோலம் போட்டவர், கோலத்தில் பூசணிப்பூ வைத்தவர், மத்தியானம் சோறு வடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அவர் வீட்டு வாசல் அன்று கிழவரின் பாடை போனபோது இறுக்கமாகச் சாத்தித்தான் இருந்தது. சாவு தேடிவந்த வாசல் எங்களுடையதென்றால், அது தெருவின் அகலம் அளவுக்குத் தவறிவிட்டது. ஊர் அதையும் பேசியது, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

பாடை கிளம்பும் நேரம். பறையைச் சூடேற்றித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டதும் தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. சின்னம்மாவும் ரிமோட்டை அழுத்தினாள். புது மோட்டாருக்குச் சத்தமே இல்லை. கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் மட்டும் குறைந்து குறைந்து தரையில் ஒரு கோடாகி அணைந்தது. நான், அவள், சாவுக்கு வந்திருந்த அவள் மகன், கார். ஷட்டருக்கு அந்தப் பக்கம் பறை முழங்கத் தொடங்கியது. கதவைப் பார்த்து நின்ற மகன், “பாத்தியாம்மா, நல்லா வேல செய்யுது” என்று கிசுகிசுத்தான். அவன் குரலில் ஒரு தோல்வி இருந்தது.

சின்னம்மா மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.

“அம்மா, இன்னா பண்ற? மூடு!”

“தெனம் வந்து எங்கூட மல்லுக்கு நின்னவடா அவ. அவ மூஞ்சியில கதவ சாத்தச் சொல்றியா?”

ஷட்டர் முழுக்க ஏறியது. எதிர்வாசலில் பாடையைத் தூக்கியவர்கள் எங்களைப் பார்த்தார்கள். சின்னம்மா வாசல் விளிம்பு வரை நடந்து போனாள். அன்று கிழவரின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டவள், இந்த முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்தாள். தூக்க முடியாத தோளை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கிக் கும்பிட்டாள். பிறகு, தினமும் அவர் படியிறங்கும்போது சொல்வது போலவே சொன்னாள்:

“போயிட்டு வாடி.”

சாவு வீட்டில் யாரும் ‘வருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். இறந்தவரை ‘வா’ என்று கூப்பிடும் சொல் எங்கள் வாயில் எழவே எழாது. சின்னம்மா மறந்துபோய்ச் சொன்னாள் என்று அங்கிருந்தவர்கள் நினைத்திருக்கலாம். நான் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் மறந்துபோகவில்லை.

அதற்குப் பிறகு மகன் அவளை அரியாங்குப்பத்துக்கு வரச் சொல்வதில்லை. காரை விற்கும் பேச்சும் இல்லை. தன் பிள்ளைகளையும் அந்த வீட்டுக்கு அழைத்து வருவதில்லை. சின்னம்மா இன்றும் அங்கேதான் இருக்கிறாள், தனியாக; ஹாரனை அதே போல அடித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். பனி இறங்கிய காலைகளில் நான் போன் செய்யும்போது, பேசிக்கொண்டே இருப்பவள் திடீரென்று “இருடா” என்பாள். மோட்டாருக்குச் சத்தம் கிடையாது. தகடுகள் சுருளும் ஓசை மட்டும் மெல்லக் கேட்கும். அது தானாகத் திறக்காது. ஈரம் புகாத மோட்டாராகப் பார்த்து வாங்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அழுத்துவது அவள்தான். போனைக் காதில் வைத்தபடி, அது மறுபடி இறங்கும் ஓசைக்காகக் காத்திருப்பேன். ஒருவர் நிதானமாக உள்ளே வருவதற்கு எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் கழித்துத்தான் அது இறங்கும்.