தமிழாசிரியையும் நான்கு பேட்டரிக் கட்டைகளும்

ஆசிரியப் பணியில் படித்த பாடத்தைக் கற்பிப்போர் சிலர். காலியாக உள்ள பாடத்தைக் கற்பிப்போரே பலர். நீங்களும் அப்பலருள் ஒருவராயின், மேல்விளக்கம் தேவைப்படாது. நான் தமிழ் படித்தவள். வெள்ளிமலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாததால், எட்டாம் வகுப்பு மின்னியலும் என்னிடம் வந்தது. அதை உரியவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே அவ்வாண்டு முழுதும் என் ஒரே விருப்பம்.

நான்காவது கட்டை

மூங்கிலைப் பிளந்து, அதன் பள்ளத்தில் பேட்டரிக் கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். ஒரு கட்டைக்கு மங்கலாகவும், இரண்டுக்குத் தெளிவாகவும், மூன்றுக்குக் கண் கூசும்படியும் பல்பு எரிந்தது. நான்காவதையும் சேர்த்தேன், ஒருமுறை வெண்மையாக மின்னி அணைந்தது. ஒவ்வொரு பல்புக்கும் தாங்கும் அளவு உண்டு என்று பாடநூலின் அடுத்த பக்கம் கூறியிருந்தது. முதல் வரிசையில் இருந்த செல்வி எழுந்து, கண்டதைக் கண்டவாறே உரைத்தாள்: “வெளிச்சம் ஜாஸ்தியாத்தான் வந்துச்சுங்க டீச்சர், அப்புறந்தான் வரல.”

திருப்பிப் போட்ட கட்டை

மறுவாரம் செல்வியின் தந்தை தம் மூன்று கட்டை டார்ச்சுடன் பள்ளிக்கு வந்தார். சாமைக் கொல்லையில் பன்றி விரட்டுவதற்கு அவர் வைத்திருந்தது. வெளிச்சம் மிகவும் மங்கியிருந்தது. திறந்து பார்த்தேன். நடுக்கட்டை தலைகீழாக இருந்தது. கட்டை கூடினால் பல்பு போய்விடும் என்று மகள் கூறியதைக் கேட்டு, வேகத்தைத் தணிப்பதற்காக அவரே அவ்வாறு போட்டிருந்தார்.

திருப்பிப் போட்ட கட்டை இன்னொன்றின் வலிமையையும் அழித்துவிடும். அவருடைய டார்ச் மூன்று கட்டைக்கென்றே செய்யப்பட்டது. இப்போது அதில் வேலை செய்வது ஒன்று மட்டுமே என்று விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “பல்பு பொழைச்சிக்கிச்சிங்க டீச்சர், சாமைதான் பூட்ச்சி.”

ஆய்வு

அறிவியல் ஆசிரியர் தேவைதானா என்று பார்க்க ஓர் அலுவலர் வந்தார். வகுப்பில் சற்றே தடுமாறும்படி தலைமையாசிரியர் முன்னதாகவே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அதில் இசைவே. ஆனால், முதல் வரிசையில் செல்வி இருந்தாள். அவள் வீட்டுக்கு இன்னொரு பிழையை அனுப்ப மனம் வரவில்லை. கட்டைகளை வரிசையாக இணைத்தால் வெளிச்சம் மிகும். பக்கம் பக்கமாக இணைத்தால் ஒரு கட்டையின் வெளிச்சமே வரும், ஆயினும் நெடுநேரம் நீடிக்கும் என்று இரண்டையும் செய்துகாட்டினேன். எதுவும் கருகவில்லை.

அலுவலர் கோப்பை மூடிவிட்டுத் தலைமையாசிரியரிடம் கேட்டார்: “தமிழ் டீச்சரே இவ்ளோ நல்லா எடுக்கறாங்க, தனியா ஒரு போஸ்ட்டு இன்னாத்துக்கு சார்?”

ஒரே கட்டையைக் கொண்டு இரண்டு பல்புகளை எத்தனை ஆண்டுகள் எரிக்கலாம் என்பது அப்பாடநூலில் இல்லை. பணி ஓய்வு வரை அதை நான் செய்துகாட்டினேன்.