ஏழு வருடத்துப் பட்டம்

இந்த ஊரில் வேலை கேட்கும் ஒருவர் தன் படிப்பையெல்லாம் வரிசையாக எழுதி முடித்ததும், மேலே சொன்னவை யாவும் உண்மை என்று அடியில் ஓர் உறுதிமொழி எழுதி, இடமும் தேதியும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். கடலுக்கு அப்பால் நம் ஊரில் நாம் நம்மைத் தெரிந்த இரண்டு பேரின் பெயரைக் கொடுப்போம். நமக்காக அவர்கள் சொல்வார்கள். தாம்பரத்தில் எங்களுக்காகச் சொல்ல யாரும் இல்லை. பயோடேட்டா என்று இங்கே சொல்லும் அந்தத் தாளை என் மகள் வதனிக்காக இதுவரை நான்கு விதமாக அச்செடுத்துவிட்டோம். முதல் மூன்றையும் வைத்திருக்கிறேன், கணக்காய்வில் ஓய்வு பெற்றவனின் பழக்கம்.

வதனி கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவள். படிப்பு நான்கு வருடம். சேர்ந்ததற்கும் முடித்ததற்கும் இடையில் ஏழு வருடம். நம்மூர்க்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்மூர் நேர்முகத்தில் சேர்ந்த வருடத்தையும் முடித்த வருடத்தையும் பார்ப்பவர் விரல் மடிப்பார், "ஓ, அந்த வருஷத்து பட்சோ" என்பார், பிறகு குரலைத் தாழ்த்தி, கூடப் படித்தவர்களில் யார் யார் மிஞ்சினார்கள் என்று விசாரிப்பார். சண்டையால் பல்கலைக்கழகக் கம்பஸ் பூட்டிக் கிடந்த அந்த மூன்று வருடங்களில் நாங்கள் ஐந்து இடம் மாறினோம். நான்காவது இடத்தில் ஷெல் விழுந்து என் மகன் நிரூபன் செத்துப்போனான். வதனியைவிட இரண்டு வயது இளையவன். மிஞ்சிய மூவரும் இப்போது இங்கே, என் மனைவியின் சிறுநீரக வைத்தியத்துக்காக. வதனிக்கு வேலை கிடைக்காவிட்டால் அது நின்றுவிடும்.

அஸ்தினாபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் முதலில் கேட்டோம். தாளாளர் அம்மாள் தாளைப் பார்த்தார்.

"ஃபோர் இயர்ஸ் கோர்ஸுக்கு செவன் இயர்ஸாம்மா? எத்தனை அரியர் வெச்சிருந்தீங்க?"

"ஒரு பாடமும் விடேல்ல மேடம். சண்டையில கம்பஸ் பூட்டிக் கிடந்தது."

"அதுக்கு ப்ரூஃப் ஏதாச்சும் இருக்கா? பேரண்ட்ஸ் கேப்பாங்கம்மா."

அவர் பொல்லாதவர் இல்லை. தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினார். அடுத்துப் போன இரண்டு பள்ளிகளிலும் அதே கேள்வி. சேர்ந்த வருடத்தை எடுத்துவிட்டு முடித்த வருடத்தை மட்டும் போட்டுப் பார்த்தோம். ஆனால் இங்கே பத்தாவது, ப்ளஸ் டூ முடித்த வருடங்களும் எழுத வேண்டும். அவற்றையும் சேர்த்த மூன்றாவது தாளில் அந்த மூன்று வருட ஓட்டை தெரிந்தது.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பாஷா ஆறுதல் சொன்னார். "இன்னாக்கா, இதுக்குப் போய் பேஜாராவுற? ப்ளஸ் டூவ மூணு வருஷம் தள்ளிப் போட்டுக்கோ. எவன் சிலோனுக்குப் போய் பாக்கப் போறான்?"

"பிறந்த வருடம் இடிக்குமே" என்றேன்.

"அதையும் தள்ளிட்டா போச்சு சார். அக்காக்கு மூணு வயசு கொறஞ்சிடும். ட்ரீட் குடுங்க."

வதனி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடம் தள்ளிப் பிறந்தால் அவள் தன் தம்பிக்குத் தங்கையாகிவிடுவாள் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. அவளும் போட்டிருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நின்றது.

"பொய் வேண்டாம் தம்பி. வேற ஏதும் இருக்கே?" என்று வதனி கேட்டாள்.

"கேப் பக்கத்துல ஃபேமிலி ரீசன்னு போட்டுடலாம்கா. கல்யாணம், கொயந்தன்னு நெனச்சிப்பாங்க. சண்டைன்னு சொன்னாதான் மெர்சலாவுறாங்க."

"போடுங்கோ" என்றாள்.

அந்த நான்காவது தாளுடன் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்குப் போனோம். அவள் பக்கத்து நாற்காலியில் நான். முதல்வர் விரலால் வரியைத் தொட்டார்.

"ஃபேமிலி ரீசன்... மேரேஜாம்மா?"

வதனி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அந்தத் தாளைப் பார்த்தேன்.

"சரி சரி, லேடீஸ்னா அப்படித்தான். மண்டே ஜாயின் பண்ணிடுங்க. கீழ சைன் போடலியே?"

வேண்டுமென்றேதான் அவள் அதைப் போடாமல் வைத்திருந்தாள். மேலே சொன்னவை யாவும் உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டாள். இடம் என்ற கோட்டில், பழக்கத்தில், நம்மூரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு நிறுத்தினாள். அதை அடித்தால் தாள் கெட்டுவிடும். வேறு தாள் இல்லை. பேனாவை அழுத்தி அதே எழுத்தின் மேலேயே தாம்பரம் என்று எழுதினாள். திங்கள் முதல் அவளுக்கு வேலை. அந்தத் தாளில் உற்றுப் பார்த்தால், இந்த ஊரின் முதல் எழுத்துக்கு அடியில் நம் ஊரின் முதல் எழுத்து இன்னும் தெரியும்.