கொழுந்தனார் இங்கிலீஷ் பேசிய இருபது நிமிடம்

என் கொழுந்தனாருக்கு நாற்பத்து மூன்று வயது. லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். வீட்டில் சத்தம் இல்லாத ஒரே ஆள் அவர்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார். அவருடைய அண்ணனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

இருபது வருடம் ஏணியில் ஏறி இறங்கியதில் அவருடைய முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. இனிமேல் ஏறினால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது. லிஃப்ட்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால் கண்ட்ரோல் ரூமில் போன் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேருகிற வரைக்கும் உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் வேலை. வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் வந்து போகிற ஆபீஸ் கட்டடங்கள் என்பதால் இங்கிலீஷ் வேண்டுமாம். இரண்டு மாதம் கழித்துப் பரீட்சை. தேறினால் நாற்காலி, இல்லையென்றால் வீடு.

"வீட்டுக்கு வந்தா என்ன, நாங்க சோறு போட மாட்டோமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

கொழுந்தனார் மறுநாளே போய் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

வாரத்தில் இரண்டு சாயங்காலம் வகுப்பு. மருந்துக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் நடந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முட்டி வலிக்கு வேலை மாற்றப் போன மனிதர் மூன்று மாடி படியேறிப் படித்தார். கூடப் படித்தவர்கள் ஒரு டாக்சி டிரைவர், ஒரு முடிவெட்டுகிறவர், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு மறுபடியும் வேலைக்குப் போக நினைத்த ஒரு நர்ஸ். டீச்சருக்கு இவர் வயதில் பாதி இருக்கும்.

முதல் நாள் எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். இவர் சொன்னார். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு சொல்லியிருக்கிறார்.

"எத்தனாவது மாடி அண்ணே வந்திருக்கு?" என்று கேட்டாராம் முடிவெட்டுகிறவர்.

அப்போதுதான் அவருக்கே விளங்கியது. இருபது வருடமாக அவர் காதில் ஒழுங்காக விழுந்த இங்கிலீஷ் ஒன்றே ஒன்றுதான். 'கதவு மூடுகிறது', 'தயவுசெய்து விலகி நில்லுங்கள்', 'ஐந்தாவது தளம்' என்று லிஃப்ட்டுக்குள் பதிவு செய்து வைத்திருக்கும் ஒரு பெண்ணின் குரல். அவளிடம்தான் இங்கிலீஷ் கற்றிருக்கிறார். அவளைப் போலவே பேசுகிறார்.

"உச்சரிப்பு நல்லா இருக்கு சார்," என்றாராம் டீச்சர். "ஆனா எதிர்ல ஒரு ஆள் இருக்காங்கன்னு நினைச்சுப் பேசற மாதிரி இல்ல. தினமும் யார்கூடயாவது பேசுங்க. அதை ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க."

யாரோடு பேசுவது? அண்ணனோடு உட்கார்ந்தார். இரண்டாவது கேள்விக்கே அண்ணன் குறட்டை விட்டார். கடைசியில் என் தலையில் வந்து விடிந்தது. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். கஸ்டமர் கேரில் சண்டை போடுகிற அளவுக்கு இங்கிலீஷ் புரியும். அது போதும் என்றார்.

எதையும் செய்தால் உருப்படியாகச் செய்ய வேண்டும். நான் ஒரு ஏற்பாடு பண்ணினேன். சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூம்தான் லிஃப்ட். நான் போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொள்வார். நான் மாட்டிக்கொண்டவளாகக் கூப்பிடுவேன், அவர் பேச வேண்டும். இருபது நிமிடத்துக்கு அலாரம். அது அடிக்கிற வரைக்கும் அவர் வாயில் தமிழ் வரக் கூடாது, கீழே இறங்கியும் வரக் கூடாது.

"நான் என்ன வேணா சொல்லுவேன், அழுவேன், கத்துவேன். நீங்க இங்கிலீஷை விடக் கூடாது. சரியா தம்பி?"

"சரிங்க அண்ணி."

முதல் ஒரு மாதம் சகிக்கவில்லை. "அமைதியாக இருக்கவும். உதவி வருகிறது," என்று அந்த லிஃப்ட்டுக்காரி குரலிலேயே சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். உள்ளே நான் பாட்டுக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அலாரம் அடித்து வெளியே வந்ததும் கேட்டேன்.

"தம்பி, உங்க குரலக் கேட்டா நல்லா இருக்கிறவங்களுக்கே மூச்சு முட்டும். ஏணி மேல நின்னுக்கிட்டு, உள்ள இருக்கிறவங்ககிட்ட தமிழ்ல என்னதான் பேசுவீங்க?"

"அது... சும்மா ஏதாவது. தனியா இருக்கீங்களா, கீழ உட்காந்துக்குங்க, எங்க வேலை, மதியம் என்ன சாப்பிட்டீங்க, இப்படி."

"அதத்தான் கேளுங்களேன். அவ யாரு நடுவுல?"

அவர் பங்குக்கு அவரும் குறை சொன்னார். "நீங்களும் கொஞ்சம் பயப்படலாம் அண்ணி. மாட்டிக்கிட்டவங்க யாரும் இவ்வளவு அதிகாரமா பேச மாட்டாங்க."

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. அடுப்பைச் சின்னதாக வைத்துப் பாலை ஏற்றிவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பிடிக்க இடமில்லாமல் வெறும் ஓட்டைதான் இருந்தது. இடித்தேன், நெம்பினேன், கதவு அசையவில்லை. அவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, நெசமாவே மாட்டிக்கிட்டேன். கைப்பிடி கழண்டுடுச்சு. கீழ வாங்க."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. நடிப்பு தேறிவிட்டது என்று நினைத்திருக்கிறார். இங்கிலீஷில் ஆரம்பித்தார். தனியாகவா இருக்கிறீர்கள்?

"ஆமா, தனியாதான் இருக்கேன். விளையாடாதீங்க, அடுப்புல பால் இருக்கு."

எவ்வளவு பால்?

"ஒரு லிட்டர். அது இப்ப ரொம்ப முக்கியமா?"

பெரிய தீயா, சின்னத் தீயா? சின்னதா, நல்லது. பக்கத்தில் துணி ஏதாவது இருக்கிறதா? இல்லையா, அப்படியென்றால் பால்தான் போகும், வீடு போகாது. உட்கார இடம் இருக்கிறதா? என் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அதற்கும் இங்கிலீஷில், இன்னும் எட்டு நிமிடம்தான், நான் எங்கேயும் போக மாட்டேன் என்றார். எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"உங்க அண்ணன்கிட்ட. சம்பளம் கிடையாது."

சிரித்தார். இங்கிலீஷில் பேசிக்கொண்டே ஒரு மனிதர் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். நடுவில் தடுமாறினார், ஒரு சொல் வராமல் வேறு சொல்லைப் போட்டார், முதலிலிருந்து சொன்னார். ஆனால் அந்த லிஃப்ட்டுக்காரி எங்கேயும் இல்லை. வெங்காயக் கூடையைத் தள்ளிவிட்டு மாவு மூட்டை மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் முன்னால் வரை படபடத்துக்கொண்டிருந்த நெஞ்சு எப்போது அடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. இந்த ஆள் தேறிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். பால் தீய்கிற வாசனையும் அப்போதுதான் வந்தது.

அலாரம் அடித்த பிறகு நிதானமாகப் படியிறங்கி வந்தார். சமையலறையைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். ஸ்க்ரூ டிரைவரை விட்டு அரை நிமிடத்தில் கதவைத் திறந்தார்.

"அண்ணி, நீங்க நெசமாவேவா..."

"பாத்திரத்த நீங்கதான் தேய்க்கணும்," என்றேன்.

தேய்த்தார். இரண்டு நாள் ஆனது.

பரீட்சையன்று பெரிய அதிகாரியே லிஃப்ட்டில் ஏறி, இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்தச் சொல்லி மணியை அழுத்தினாராம். கொழுந்தனார் கண்ட்ரோல் ரூமில் போனை எடுத்திருக்கிறார். தனியாகவா, உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கேட்டாராம், "வீட்டில் அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வந்தீர்களா?"

அதிகாரி இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னாராம், "அடுப்பு இல்ல. இஸ்திரிப் பெட்டி. அணைச்சேனான்னு ஞாபகமே வரல. சீக்கிரம் வெளிய விடுங்க."

வெளியே வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். அப்புறம்தான் மார்க் போட்டாராம். உச்சரிப்பு நன்று, வேகம் குறைவு, ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாம், அதுவரை நாற்காலியில் உட்காரட்டும் என்று எழுதியிருந்தது.

உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு பழைய தலையணையை வெட்டித் தைத்துக் கொடுத்தேன், முட்டிக்கு அடியில் வைத்துக்கொள்ள. வகுப்பையும் விடவில்லை. முடிவெட்டுகிறவர் இப்போது இவருக்கு நல்ல சிநேகிதர், இவர் அவருக்குப் போன் போட்டு இங்கிலீஷ் பேசிப் பழகுகிறார்.

ஸ்டோர் ரூம் கைப்பிடி மட்டும் இன்னும் சணல் கயிற்றில் தொங்குகிறது. ஊரில் இருக்கிற கதவையெல்லாம் திறந்த மெக்கானிக் வீட்டில்தான் இந்தக் கதி. நேற்றுக் கேட்டேன்.

"அது ராசியான கைப்பிடி அண்ணி. அப்படியே இருக்கட்டும்."

"ராசி உங்களுக்கு. உள்ள போறவ நான். ஞாயித்துக்கிழமைக்குள்ள மாட்டுங்க."

ஒரு மூச்சு நிறுத்தி, அந்த லிஃப்ட்டுக்காரி குரலில், இங்கிலீஷில் சொன்னார், "உதவி வருகிறது."