ரஹீம் பாய் வெள்ளையாக விட்ட இடங்கள்

லஸ் மூலையில் டிராமுக்கு நின்றிருந்தேன். எங்கள் கல்லூரி அட்டெண்டர் முனுசாமி எதிரே வந்தார்.

"இன்னா சார், தெரியாதா? நம்ம ரஹீம் பாய் முந்தாநேத்து பூட்டாரு. மார்வலி."

அடக்கமும் முடிந்திருந்தது. டிராம் வந்தது. ஏறவில்லை.

வியாழனன்று இரங்கல் கூட்டம். "சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்பவர்" என்றார் துறைத் தலைவர். எல்லோரும் தலையசைத்தார்கள். நானும். அவரை அறிந்தவர்களே, அது பொய். மறுபேச்சுப் பேசியதற்காகத்தான் அவரை வேலையை விட்டு அனுப்பினோம்.

ராயப்பேட்டையில் வீட்டுக் கூரைகளுக்குப் பிளாஸ்டர் பூ வார்க்கும் குடும்பம் அவருடையது. எங்கள் காட்சிக்கூடத்தில் எலும்பு வார்ப்புகளைச் செப்பனிட வந்தார். பீக்கிங் அருகே ஒரு குகையில் கிடைத்த மண்டையோட்டின் வார்ப்பு ஒன்று யுத்தத்துக்கு முன்பே எங்களிடம் வந்திருந்தது. நமக்கு வெகுகாலம் முன் வாழ்ந்து, அற்றுப்போன ஒரு மனித இனம். மேல்கூடு மட்டும். அதிலும் ஓட்டைகள். முகம் இல்லை.

அசல் எலும்புகள் யுத்தத்தின் நடுவே பெட்டியோடு காணாமல் போயின. அதைச் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ இனிமே இதான் சாட்சியா, சார்?"

"ஆமாம்."

"அப்போ இது பொய் சொல்லக் கூடாது."

ஒரு விழா வந்தது. புத்தகப் படத்தைப் பார்த்து முகம் வைக்கும்படி ரஹீம் பாயிடம் சொன்னார் தலைவர். வைத்தார். வார்ப்பில் வந்த எலும்பு பழுப்பு. அவர் இட்டு நிரப்பியது எல்லாம் வெள்ளை.

"என்னய்யா இது, தேமல் விழுந்த மாதிரி? மந்திரி வரார். ஒரே கலரா அடி."

"கெடைச்சது கலரு சார், நாம நெனைச்சது வெள்ளை. ரெண்டையும் ஒண்ணாக்கினா வர்றவன் எதை நம்புவான்?"

"வர்றவனுக்கு அவ்வளவு புத்தி கிடையாது."

"அதுக்காக ஏமாத்தலாமா சார்? நான் அடிக்க மாட்டேன்."

தலைவர் போனதும் முனுசாமி சொன்னார்: "பாய், ஒன் தாடி கூட வெள்ளையாத்தான் கீது. அதுக்கும் கலரு அடிக்கச் சொல்லப்போறாரு."

"அடிக்கட்டும் நைனா. இன்னொரு நிக்கா பண்ணிக்கிறேன்."

மறுநாள் அவருக்கு வேலை இல்லை. தூரிகை என் கைக்கு வந்தது. நான் டெமான்ஸ்டிரேட்டர், தற்காலிகம். பூசினேன். நன்றாகவே பூசினேன். மந்திரி குனிந்து பார்த்து, "அப்படியே கிடைத்ததா!" என்றார். தலைவர் புன்னகைத்தார். நான் வாய் திறக்கவில்லை. என் கோபம் தலைவர் மீது மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பிறகு ஒரே ஒருமுறை அவரைப் பார்த்தேன். தியாகராய நகரில் ஒரு புது வீடு. சாரத்தின் மேல் மல்லாந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

"நம்ம குகை ஆளு எப்படிக்கீறாரு சார்?"

"இருக்கிறார்."

"மூஞ்சி?"

சாரத்தின் கயிற்று முடிச்சைப் பார்த்தேன். அவர் மீண்டும் கேட்கவில்லை. பிளாஸ்டர் துளி ஒன்று என் சட்டையில் விழுந்தது. மன்னிப்புக் கேட்டார். அவர்.

இரங்கல் கூட்டம் கலைந்ததும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். கையில் சிறு கத்தி. எங்கே சுரண்டுவது, எங்கே நிறுத்துவது? என் பழுப்பும் எலும்பின் பழுப்பும் ஒன்றாகவே இருந்தன. அவ்வளவு திறமையாகக் கெடுத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினேன். புருவமேட்டின் கீழே விரல் சட்டென்று இறங்கியது. உச்சியிலும் ஓரிடத்தில் இறங்கியது. வெள்ளை வைத்த இடத்தையெல்லாம் எலும்பைவிட ஒரு நூல் அளவு தாழ்த்தியே நிரப்பியிருந்தார். யாராவது பூசுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இடது கன்னம் வரை சுரண்டியாகிவிட்டது. நாளை தலைவர் கேட்பார். பூசியவனும் நான், சுரண்டியவனும் நான் என்று சொல்லப்போகிறேன். ரஹீம் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது, விரலுக்கு மட்டும் தெரியும் அந்த ஒரு நூல் பள்ளம்.