முப்பத்தொரு முட்டைகளும் ஒரு விளக்க மனுவும்

பொதுமக்களிடமிருந்து வரும் மனுவுக்கு மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். முப்பது நாட்களுக்குள் அதன் மீது முடிவெடுத்து, முடிவு எதுவானாலும் மனுதாரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் இருந்தவன். இந்த விதியைச் சுற்றறிக்கையாக எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்தவனே நான்தான். கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

இந்த வருடம் ஜூலை மாதம் நானே மனுதாரன் ஆனேன். காரணம், ஒரு பச்சோந்தி.

வேலியோரத்து மரங்களில் ஊர்கிற நம்மூர்ப் பச்சோந்தி இல்லை. அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். இது அரபு தேசத்து இனம். தலையில் பாய்மரம் போல ஒரு கொண்டை. சென்னையில் படிக்கும்போது என் மகள் உரிய காகிதங்களோடு வாங்கியது. பெங்களூரில் வேலை கிடைத்ததும், அங்கே வீட்டுக்காரர் பூனைக்கே சம்மதிக்கவில்லை என்பதால், கூண்டும் விளக்குமாகக் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தது. இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களைப் பதிவு செய்ய வேண்டும். ஊரில் எத்தனை பேர் செய்தார்களோ தெரியாது, நான் செய்தேன். பதிவுச் சான்றை லேமினேட் செய்து கூண்டுக்கு மேலே மாட்டினேன்.

"நம்ம கல்யாண போட்டோ செல்லரிச்சுப் போவுது. இதுக்கு லேமினேஷன்" என்றாள் என் மனைவி.

தெருவில் வேறு மாதிரி பேசினார்கள். "சாரு ரிட்டயர் ஆயிட்டாரு, எந்தக் கட்சியில சேர்றதுன்னு தெரியல. அதான் ட்ரெயினிங்குக்கு ஒண்ணு வாங்கி வச்சிக்கினு இருக்காரு" என்று எதிர்வீட்டுக்காரர் டீக்கடையில் சொன்னதாக டீக்கடைக்காரரே என்னிடம் சொன்னார். ஒரு வாரம் நான் அங்கே டீ குடிக்கவில்லை. பிறகு குடித்தேன். வேறு கடை தூரம்.

மகள் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் வாயில் நுழையவில்லை. மனைவி அதை மகராசி என்று கூப்பிட்டாள். மகராசிக்கு எங்களைப் பிடித்ததா என்று சொல்ல முடியாது. ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் சுவரையும் ஒரே சமயத்தில் பார்க்கும். அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த சிலருக்கும் இந்தப் பார்வை உண்டு. பூச்சியைக் கண்டால் மட்டும் இரண்டு கண்ணும் ஒன்றுசேரும். நாக்கு உடம்பு நீளத்துக்கும் மேலே பாய்ந்து போய்த் திரும்பிவிடும். என் மனைவி அதைப் பார்ப்பதற்காகவே காலைப் பலகாரத்தைத் தள்ளிப் போடுவாள்.

ஜூன் கடைசியில் அது இரை எடுப்பதை நிறுத்திவிட்டுக் கூண்டின் தரையைப் பிறாண்டத் தொடங்கியது. மகளுக்கு போன் செய்தோம்.

"முட்டை போடப் போவுதுப்பா. ஈர மணல் ஒரு பக்கெட் வைங்க."

"ஆண் இல்லாமயா?"

"கோழி போடலையா? அது மாதிரிதான். பொரிக்காது. ஆனா போட்டாகணும்."

பெயிண்ட் வாளியில் மணல் வைத்தேன். இரண்டு நாள் தோண்டியது; தலை மறையும் அளவுக்குக் குழி. ஜூலை ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, குழியை மூடிவிட்டு மேலே வந்தது. மூக்கெல்லாம் மணல். நான் கரண்டியால் கிளறி எண்ணினேன். மொச்சைக்கொட்டையை விடச் சற்றுப் பெரிதாக முப்பத்தொரு வெள்ளை முட்டைகள்.

"ஒண்ணு பெத்ததுக்கே எனக்கு இடுப்பு இன்னும் நிமிரல" என்று மனைவி கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் தறி நெய்கிறவர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மூன்று பெற்றவர். தெருவில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் முதலில் அவர்தான் போய் நிற்பார். தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

"பச்ச ஒடம்பும்மா. இவ்ளோ வெளிச்சம் ஆவாது. காத்தும் படக்கூடாது. மூடி வையி."

"விளக்கு பன்னெண்டு மணி நேரம் எரியணும்னு பொண்ணு சொல்லியிருக்குதே" என்றேன்.

"அவ பெத்திருக்காளா?" என்றாள் என் மனைவி.

இதற்கு விதி எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதனால் பேசாமல் இருந்தேன். என் பழைய வேட்டி கூண்டின் நான்கு பக்கமும் ஏறியது. பிரத்யேக விளக்கை அணைத்தார்கள். என் மகள் பிறந்தபோது அவளையும் தாயையும் இருபது நாள் வைத்திருந்த உள்ளறை மாதிரியே ஆனது கூண்டு. மனைவி நிம்மதியாகத் தூங்கினாள்.

அன்றைக்கும் மறுநாளும் மகள் போனில் கேட்டாள். "லைட் போட்டிருக்கீங்களாப்பா?"

"எல்லாம் நீ சொன்னபடியே நடந்துக்கினு இருக்குது" என்றேன். மேலிடத்துக்கு இப்படி எத்தனையோ அறிக்கை அனுப்பியிருக்கிறேன். நாக்கு தானாகச் சொல்லிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை வேட்டியை விலக்கிப் பார்த்தபோது மகராசி பட்டப்பகலில் கண்களை மூடியிருந்தது. கண்மேடுகள் உள்ளே இறங்கியிருந்தன. கிளையைப் பிடித்த கால்கள் நடுங்கின. மனைவி ஒரு வெட்டுக்கிளியை முன்னால் நீட்டினாள். ஒரு கண் பாதி திறந்தது. வாய் திறந்தது. நாக்கு உதடு வரை வந்து, ஈரத் துணி மாதிரி தொங்கி, மெல்ல உள்ளே போனது.

"கால்சியம் போயிடுச்சு" என்றாள் மகள். குரல் மாறிவிட்டது. "பட்டுப்புழு குடுங்கப்பா, அதுல நிறைய இருக்குது. காஞ்சிபுரத்துல கிடைக்காதா?"

எங்கள் ஊரைப் பற்றி எங்கள் ஊரில் பிறந்தவளே கேட்ட கேள்வி. இங்கே நூல்தான் வரும். நெசவுக்காரர் பலரே புழுவை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டபோது முகத்தைச் சுளித்தார். "புழுவா? உவ்வே."

புதன்கிழமை காலை கால்நடை மருத்துவரிடம் போனேன். எனக்கு முன்னால் முசரவாக்கத்திலிருந்து வந்த ஒரு கன்றுக்குட்டி. மருத்துவர் என் செல்போனில் படத்தைப் பார்த்தார், நல்ல மனிதர்.

"சார், நான் மாடு, ஆடு, நாய் பார்ப்பேன். இதுக்கு ஊசி எங்க போடறதுன்னுகூட எனக்குத் தெரியாது. மெட்ராஸ்ல இதுக்குன்னே டாக்டருங்க இருக்காங்க. இன்னிக்கே போயிடுங்க."

"அங்க ராத்திரி தங்க வைப்பாங்களா?"

"வைக்கலாம்."

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பதிவு செய்த முகவரி மாறினாலும், குட்டி பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்று சான்றின் நிபந்தனைகளில் இருந்தது. சிகிச்சைக்காக இரண்டு நாள் வேறிடத்தில் தங்குவது முகவரி மாற்றமா, இல்லையா? முன் அனுமதி வேண்டுமா? பொரிக்காத முட்டைகள் பிறப்புக் கணக்கில் வருமா? மருத்துவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கன்றுக்குட்டியைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போக யாராவது பர்மிஷன் கேப்பாங்களா சார்?"

நான் கேட்டேன். அன்று மதியமே விளக்கம் கோரி மனு எழுதினேன். பொருள், பார்வை, மூன்று பத்தி, இணைப்பு இரண்டு. இணையத்தில் ஒன்று, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒன்று. அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம்; எந்த அலுவலகமாக இருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். ஜூலை ஒன்பதாம் தேதி. மூன்று நாளில் ஒப்புகை வரும், அவசரம் என்று சிவப்பு மையில் கோடிட்டிருப்பதால் பதிலே வந்துவிடும் என்று மனைவியிடம் சொன்னேன். அதை நான் நம்பினேன் என்பதுதான் விசித்திரம்.

வியாழன், வெள்ளி, சனி. தபால்காரர் வந்தார், பக்கத்து வீட்டுக்கு. மனைவி மணிக்கொரு தரம் பஞ்சில் தண்ணீர் நனைத்து அதன் வாயோரம் வைத்தாள். பாதி உள்ளே போனது. வேட்டி அப்படியே இருந்தது; நோயாளிக்கு இன்னும் இருட்டு வேண்டும் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லியிருந்தார். மகளுக்குப் புது வேலை, பயிற்சிக் காலம், விடுப்பு கிடையாது.

"அப்பா, அது சாகப் போவுது. நீங்க விளக்கம் கேட்டுக்கினு இருக்கீங்க?"

"நாளைக்குப் போலீஸ் புடிச்சா நீயா வருவே?"

"பச்சோந்திய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனதுக்கு யாருப்பா புடிப்பா?"

போனை வைத்துவிட்டேன். சர்வீஸில் இருந்த காலத்தில் மாகறல் பக்கமிருந்து ஒரு பெண் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து என் மேஜை முன்னால் நிற்பார். கணவரின் இறப்புக்குப் பின் வர வேண்டிய ஏதோ ஒரு உத்தரவு. "பரிசீலனையில் இருக்குதும்மா" என்பேன். உண்மையிலேயே பரிசீலனையில் இருந்தது. அவர் வருவதை எப்போது நிறுத்தினார் என்பது நினைவில்லை.

பதினாறாம் தேதி, புதன்கிழமை காலை, கூண்டுக்குள் தொப்பென்று சத்தம். மகராசி கிளையிலிருந்து விழுந்து பக்கவாட்டில் கிடந்தது. ஒரு கால் மட்டும் எதையோ பிடிக்கப் பார்ப்பதுபோல் காற்றில் மூடித் திறந்தது.

மனைவி பரணிலிருந்து மகள் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த பட்டுப்புடவையின் அட்டைப்பெட்டியை எடுத்தாள். புடவையை நாற்காலியில் போட்டாள். கத்தரிக்கோலால் பெட்டியில் துளைகள் குத்தினாள்.

"உங்க லெட்டர் வர்றப்ப வரட்டும். வந்தா வாங்கி வைங்க. நான் கிளம்புறேன்."

"தனியாவா?"

"நீங்க மனுதாரரு. வீட்ல இருக்கணும்ல."

நானும் செருப்பை மாட்டினேன். பதிவுச் சான்றைச் சுவரிலிருந்து கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அவள் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். நடத்துனர் டிக்கெட் கிழித்துக்கொண்டே பார்த்தார்.

"இன்னாம்மா, முகூர்த்தப் பட்டா?"

"ஆமாம்பா."

"பொட்டில ஓட்டை போட்டு வச்சிருக்கீங்களே."

"ஜரிகைக்குக் காத்து வேணும்" என்றாள் என் மனைவி. முப்பத்தெட்டு வருட மணவாழ்க்கையில் அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்கு ஸ்ரீபெரும்புதூர் வரை வியர்த்தது. சான்று பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

சென்னையில் மருத்துவர் என் மகளை விட ஐந்தாறு வயது மூத்த பெண். எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே பிடித்தார். எலும்புகள் கொசுவலை நூல் மாதிரி தெரிந்தன. வயிற்றில் இரண்டு வெள்ளை வட்டங்கள்.

"ரெண்டு முட்டை உள்ளேயே நின்னுடுச்சு. தள்ள பலம் இல்ல. லைட் எத்தனை மணி நேரம் போடறீங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"முட்டை போட்டதுலேர்ந்து போடல" என்றேன். "மூடி வச்சிருந்தோம். பச்சை உடம்புன்னு."

மருத்துவர் திட்டவில்லை. அந்த விளக்கின் கதிர் தோலில் பட்டால்தான் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும் என்றார். முட்டை ஓட்டுக்கெல்லாம் கொடுத்துவிட்டு உடம்பு காலியாக இருந்த நேரத்தில் விளக்கையும் நிறுத்தியிருக்கிறோம். "போன வாரம் வந்திருந்தா இவ்ளோ ஆயிருக்காது" என்றார். போன வாரம் என்பது என் கணக்கில் வந்தது, விளக்கு அவள் கணக்கில். திரும்பி வரும்போது இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

ஊசி, சொட்டு மருந்து, மூன்று நாள் அங்கேயே. பதிவு முகவரிக்கு வெளியே மூன்று இரவுகள். இரண்டாம் நாள் அந்த இரண்டு முட்டைகளும் வெளியே வந்தன. மனுவில் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தேன். முப்பத்து மூன்று என்று திருத்த மனு அனுப்பினேன். மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருக்கலாம்.

உயிர் பிழைத்தது. கண்கள் மேலே வந்தன, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று பழையபடி சுழன்றன. கால்பிடிப்பும் ஓரளவு திரும்பியது. நாக்கு திரும்பவில்லை. பூச்சியைக் கண்டால் இரண்டு கண்ணும் ஒன்றுசேரும், உடம்பு முன்னால் சாயும், வாய் திறக்கும். அவ்வளவுதான். சில பச்சோந்திகளுக்கு மாதக்கணக்கில் ஆகும், சிலவற்றுக்கு வரவே வராது என்றார் மருத்துவர். மகளிடம் விளக்கையும் வேட்டியையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். "மருந்து டைம்முக்குக் குடுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு நான் இடுக்கியில் பூச்சியைப் பிடித்து வாய்க்குள் வைக்கிறேன். மனைவி சுண்ணாம்பு மருந்தைச் சொட்டுக் குழாயில் தருகிறாள். ஒரு பூச்சிக்கு ஐந்து நிமிடம், ஆறு பூச்சி. சில நாள் வாயைத் திறக்காது. அப்போது காத்திருக்க வேண்டும். முதுகு வலிக்கிறது. இதை இன்னும் எத்தனை வருடம் செய்வேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன்.

அப்படி ஒரு காலை நேரத்தில்தான் தபால்காரர் மணியடித்தார். இடுக்கியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பழுப்பு உறை, ஒற்றைத் தாள். பார்வையில் கண்ட மனுவின்படி, சிகிச்சைக்காகத் தற்காலிகமாகக் கொண்டு செல்வதற்கு முன் அனுமதி ஏதும் தேவையில்லை என்பது மனுதாரருக்குத் தெரிவிக்கப்படுகிறது. அவ்வளவே. முட்டைகளைப் பற்றி ஒன்றும் இல்லை.

பழக்கதோஷம், தேதிகளைப் பார்த்தேன். அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே ஜூலை பதினொன்று. நான் மனு போட்ட மூன்றாம் நாள். மகராசி அப்போது இன்னும் கிளையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. யாரோ ஒருவர் என் சிவப்புக் கோட்டைப் பார்த்து, அன்றே படித்து, அன்றே கையெழுத்திட்டிருக்கிறார். அனுப்பும் பிரிவின் முத்திரை ஆகஸ்ட் இருபத்திரண்டு. இடைப்பட்ட நாட்களில் அது எந்த மேஜையில், எந்தக் கட்டுக்கு அடியில் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மேஜையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

"இன்னா எழுதியிருக்குது?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"போகலாமாம்" என்றேன்.

உறையின் மூலையில், வந்த தேதியைப் பென்சிலால் குறித்தேன்: ஆகஸ்ட் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை.