ராகி மாவிளக்கு யார் வீட்டு வழக்கம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷம் தயங்கினேன். எட்டாவது வரைதான் படித்தவள் நான். அதோடு, எழுதினால் அம்மன் சன்னதியில் சொன்ன ஒரு பொய்யையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது என் மகள் மைசூரில் எம்.ஏ. கடைசி வருஷம். திருவிழாப் படையல்களைப் பற்றிக் கன்னடத்தில் ஆய்வுக் கட்டுரை. மாரியம்மனுக்கு நாங்கள் ஏற்றும் மாவிளக்கைப் பற்றி என்னிடம் கேட்டாள். அரிசி மாவோடு ராகி மாவும் கலந்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய் விடுவதை நான் கன்னடத்தில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். கம்ப்யூட்டரில் சரிபார்த்ததில் அந்தப் பக்கம் முழுக்க யாரோ எழுதிய பழைய கட்டுரையிலிருந்து எடுத்தது என்று வந்துவிட்டதாம். காப்பி அடித்த கட்டுரைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாராம் அவளுக்கு வழிகாட்டும் மேடம். கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை.

அந்தப் பழைய கட்டுரையைத் தன் போனில் எடுத்துப் படித்துக் காட்டினாள். அது என் பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை. இவள் கைக்குழந்தையாக இருந்தபோது மைசூர் மண்டி மொஹல்லா பக்கத்துக் கோயிலில் ஒரு காலேஜ் பெண் நோட்டோடு வந்து மாவிளக்கைப் பற்றிக் கேட்டாள். யார் கேட்டாலும் மந்திரம் மாதிரி ஒரே விதமாகச் சொல்வது என் பழக்கம். நான் பிறந்த ஊர் ஹனூர் என்பதால் "ஹனூர்த் தமிழர் வழக்கம்" என்று போட்டிருந்தாள். யார் சொன்னது என்று ஒரு வரி இல்லை.

மறுநாளே மேடம் முன்னால் போய் நின்று, இரண்டு கட்டுரைக்கும் சொன்னவள் நான்தான் என்றேன். ஹனூரில் எல்லோரும் செய்வது என்றால் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாமே, உங்களிடம் கேட்டதுதான் என்று எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்விதான். மனசுக்குள் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"ஹனூர்ல யாரும் இப்படிச் செய்யறதில்லைங்க மேடம். நான் ஒருத்திதான்."

நடந்ததை அவரிடம் சொன்னேன். கல்யாணமான முதல் திருவிழாவில் அரிசி மாவு போதவில்லை. பயத்தில் ராகி மாவை அள்ளிப் போட்டேன். என்ன இது கருப்பாக இருக்கிறது என்று கோயிலில் மாமியார் கேட்டார். எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்காக வருஷாவருஷம் அப்படியே செய்தேன்.

மேடம் ஹனூர்க்காரரான ஆபீஸ் பியூனைக் கூப்பிட்டுக் கேட்டார். "ராகியில மாவிளக்கா? அது முத்தெ ஆயிடும் மேடம்," என்றார் அவர். முத்தெ என்றால் களி உருண்டை. மேடம் சிரித்துவிட்டார். பிறகு மகளைப் பார்த்து, அம்மா பேரை ஏன் போடவில்லை என்றார்.

"அம்மாதானேன்னு விட்டுட்டேன் மேடம்."

"அம்மாவா இருந்தாலும் சொன்னவங்க பேரு வரணும். இல்லாட்டி பாரு, ஒரு வீட்டுத் தவறு ஊர் வழக்கமாயிடுச்சு."

அங்கேயே திருத்தினாள். பக்கத்தின் அடியில் என் பேர், ஊர், கேட்ட தேதி. ஹனூர் வழக்கம் என்று அவளும் எழுதியிருந்ததை "ஒரு வீட்டு வழக்கம்" என்று மாற்றியதும் கையெழுத்து விழுந்தது. என் பேரை அச்சில் பார்த்த அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அம்மனுக்கே கதை விட்டவளாச்சே என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு. காலி ராகி டப்பாவைக் கழுவி வச்சதே நான்தானே," என்றார்.

இதை யாருக்குச் சொன்னாலும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லுங்கள், அரிசி மாவு போதாமல் போனதையும் சேர்த்து. எங்கே கேட்டது என்றால், மைசூரில் ஒருத்தி தானே சொன்னாள் என்று சொல்லுங்கள். ஹனூர் வழக்கம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.